எவ்வளவு நைசாக அரைப்பது? மருந்துப் பொடி பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் டோஸ் பற்றி எழுதும்போது, ஒரே மருந்தை அரைக்கிற விதம் மாறினால் மாத்திரையின் மில்லிகிராமும் மாறும் என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. வீட்டிலிருந்து எழுதியவர்களும் உண்டு, மில் ரூமிலேயே நின்று வேலை செய்கிறவர்களும் உண்டு.

கேள்வி: என் கணவருக்கு ட்ரைகிளிசரைடு அதிகம் என்று ஃபீனோஃபைப்ரேட் 200 மில்லிகிராம் கொடுத்து வந்தார்கள். புது டாக்டர் 145 எழுதியிருக்கிறார். மருந்துக் கடையில் கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்கிறார்கள். 55 மில்லிகிராம் குறைந்த பிறகு எப்படி ஒன்றாகும்?
(இல்லத்தரசி, தஞ்சாவூர்)

கடைக்காரர் சொன்னது சரிதான், ஆனால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஃபீனோஃபைப்ரேட் தண்ணீரில் கிட்டத்தட்ட கரையவே கரையாத மருந்து. கரையாதது குடலில் ரத்தத்துக்குள் போகாது, வந்த வழியே வெளியே போய்விடும். ஆரம்பத்தில் இதை சாதாரணப் பொடியாக நாளுக்கு 300 மில்லிகிராம் கொடுத்தார்கள். அப்புறம் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் நைசாக்கி 200 ஆக்கினார்கள், அதன்பின் 160 வந்தது, பிறகு மைக்ரானுக்கும் கீழே, நானோ அளவுக்கு அரைத்து 145-க்குக் கொண்டுவந்தார்கள். உடம்புக்குள் போய்ச் சேரும் மருந்து நான்கிலும் ஏறத்தாழ ஒன்றுதான், வீணாகப் போகிற பங்குதான் ஒவ்வொரு படியிலும் குறைந்திருக்கிறது.

ஏன் இப்படி என்றால், கரைவது எப்போதும் மேற்பரப்பில்தான் நடக்கும். 1 சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்றுக்கு 6 சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பு. அதையே 10 மைக்ரான் கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டர். 200 நானோமீட்டருக்குக் கொண்டுபோனால் 30 சதுர மீட்டர், நம் கணக்கில் 320 சதுர அடிக்கு மேல். கரையும் வேகத்தை 1897-இலேயே நாய்ஸ், விட்னி என்ற இரண்டு வேதியியலாளர்கள் பென்சாயிக் அமிலத்தையும் லெட் குளோரைடையும் கரைத்துப் பார்த்துச் சமன்பாடாக எழுதிவிட்டார்கள், மேற்பரப்பின் பங்கு சில ஆண்டுகளில் அதில் சேர்ந்தது. மருந்து உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது கிரிசியோஃபுல்வின் வந்த பிறகுதான். படர்தாமரைக்குக் கொடுக்கும் அந்த மருந்தை மைக்ரனைஸ் செய்ததும் 1 கிராம் டோஸ் 500 மில்லிகிராமாகப் பாதியானது. இன்னும் நைசாக்கியபோது 330 முதல் 375 வரை போதும் என்றானது.

உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பழைய வகையைச் சாப்பாட்டோடு எடுத்தால்தான் சரியாக உறிஞ்சப்படும். 145-ஐ சாப்பாட்டுக்கு முன்னும் எடுக்கலாம், பின்னும் எடுக்கலாம். வீட்டில் பழைய 200 அட்டை மிச்சம் இருந்தால் புதியதோடு கலந்து நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம். எதை நிறுத்தி எதை ஆரம்பிப்பது என்பதை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சைஸ் ரிடக்‌ஷன் பாடத்தில் ஹேமர் மில், பால் மில், ஃப்ளூயிட் எனர்ஜி மில், கொல்லாய்டு மில் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டேன். உண்மையில் கம்பெனிகளில் எதைப் பயன்படுத்துகிறார்கள், எது சிறந்தது?
(பி.ஃபார்ம் மூன்றாம் ஆண்டு மாணவி, சேலம்)

"எது சிறந்தது" என்ற இடத்தில்தான் அட்டவணை உங்களைத் திசைதிருப்பிவிட்டது. மில்லைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: இந்தத் துகள் கடைசியில் எங்கே போய்ச் சேரப்போகிறது, இந்த மருந்து எவ்வளவு அடி தாங்கும்? இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மில் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

மாத்திரை, காப்ஸ்யூல் செய்யும் இந்திய ஃபார்முலேஷன் கம்பெனி எதற்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது மல்டி மில். உங்கள் புத்தகத்து ஹேமர் மில்லின் சொந்தக்காரன்தான். சுழலும் பிளேடின் ஒரு பக்கம் கத்தி முனை, இன்னொரு பக்கம் தட்டையான முனை. சுழலும் திசையை மாற்றினால் வெட்டுவதும் அடிப்பதும் மாறும். பொடிக்கும், ஈரக் கட்டியை உடைக்கவும், காய்ந்த கிரானுலை (பொடியைச் சேர்த்துச் செய்த குருணையை) அளவுபடுத்தவும் இது ஒன்றையே ஓட்டுகிற இடங்கள் நிறைய. இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள்: 1 மில்லிமீட்டர் துளை ஸ்க்ரீன் போட்டால் 1 மில்லிமீட்டர் துகள் வரும் என்று நினைப்போம், வராது. துகள் ஸ்க்ரீனை நேராகப் போய் முட்டுவதில்லை, சாய்வாக வழுக்கிக்கொண்டு வேகமாகப் போகிறது. அந்தக் கோணத்தில் துளை அதற்குச் சிறிதாகத்தான் தெரியும், அதனால் வெளியே வருவது துளையை விட நன்றாகவே நைசாக இருக்கும். வேகத்தைக் கூட்டினால் அதே ஸ்க்ரீனில் இன்னும் நைசாகும்.

அடிக்கும் மில்களின் பெரிய தொல்லை சூடு. கொடுக்கும் மின்சாரத்தில் மிகச் சின்னப் பங்குதான் புது மேற்பரப்பை உண்டாக்கப் போகிறது, மீதி எல்லாம் வெப்பம். மிக்சியில் மாவு அரைத்தால் ஜார் சுடுவதும், கிரைண்டரில் அரைத்தால் மாவு குளிர்ச்சியாக இருப்பதும் வீட்டில் பார்த்திருப்பீர்கள், இங்கேயும் அதேதான். இபுப்ரோஃபென் 75 டிகிரியைத் தாண்டியதுமே உருகத் தொடங்கிவிடும். அதை அதிவேகத்தில் அடித்தால் மெழுகு போல இளகி ஸ்க்ரீனை அடைத்துவிடும். இப்படிப்பட்டவற்றுக்கு ஒரு வழி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் குளிர வைத்து, மொறுமொறுவென்று ஆன பிறகு அடிப்பது. செலவு அதிகம்.

இன்னொரு வழி உங்கள் அட்டவணையின் ஃப்ளூயிட் எனர்ஜி மில், வழக்கத்தில் எல்லோரும் ஜெட் மில் என்பார்கள். இதில் பிளேடு கிடையாது, சுழலும் பாகமே கிடையாது. தட்டையான வட்ட அறைக்குள் 6 முதல் 8 பார் அழுத்தத்தில் காற்றையோ நைட்ரஜனையோ சாய்வான நாசில்கள் வழியாகச் செலுத்துவார்கள். ஒலியின் வேகத்தை ஒட்டிப் பாயும் அந்த ஓட்டத்தில் துகளோடு துகள் மோதி உடையும். கனமான துகளை மையவிலக்கு விசை ஓரத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். உடைந்து இலேசானதுதான் நடுவில் உள்ள வாய் வழியாக வெளியேறும், அதாவது சலிப்பதும் அரைப்பதும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் நடக்கிறது. விரியும் வாயு குளிரும் என்பதால் சூடும் கட்டுக்குள் இருக்கும். 10 மைக்ரானுக்குக் கீழே, துகள்கள் பெரும்பாலும் ஒரே அளவில் வேண்டும், பிளேடு தேய்ந்து இரும்பு கலக்கக் கூடாது என்றால் இன்றைக்கும் இதுதான் முதல் தேர்வு. ஆஸ்துமா இன்ஹேலரில் போகும் சால்புட்டமால் நுரையீரலின் உள்ளே வரை போக வேண்டுமானால் 1 முதல் 5 மைக்ரானுக்குள் இருந்தாக வேண்டும், அதற்கு ஜெட் மில் ஓட்டுகிறார்கள். காற்று அழுத்தும் கம்ப்ரஸரின் மின்கட்டணம் மட்டும் மலைக்க வைக்கும்.

பால் மில்லை நவீன மாத்திரை ஆலைகளில் தேடினாலும் அதிகம் கிடைக்காது. மெதுவாக ஓடும், கழுவுவது கஷ்டம், உருண்டைகள் தேய்ந்து பொடியில் கலக்கும். கொல்லாய்டு மில் களிம்புக்கும் சிரப்புக்கும்தான். உங்கள் அட்டவணையில் அநேகமாக இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கோன் மில். கூம்பு வடிவ ஸ்க்ரீனுக்குள் மெதுவாகச் சுழன்று கட்டியை உடைக்கும், நைசாக்காது, ஆனால் கிரானுலைத் தூளாக்காமல் அளவுபடுத்த அதைவிட மென்மையான மெஷின் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அரைக்கத்தான் வேண்டுமா? கிரிஸ்டல் உருவாகும்போதே குளிர்விக்கும் வேகத்தையும் விதைக் கிரிஸ்டலையும் கட்டுப்படுத்தினால் வேண்டிய அளவிலேயே எடுத்துவிடலாம். இபுப்ரோஃபென் சந்தையில் 25, 38, 50, 70 என்று மைக்ரான் அளவையே பெயராகக் கொண்ட கிரேடுகளில் கிடைக்கிறது. மில் ரூமில் பிரச்சினைகளோடு மல்லாடுவதை விட கிரிஸ்டலைசரில் இரண்டு வாரம் உழைப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இரண்டு பேட்ச். இரண்டிலும் ஜெட் மில் செய்த ஏபிஐயின் (மாத்திரையில் வேலை செய்யும் மூலமருந்தின்) டி90 ஒன்பது மைக்ரான். ஒன்றில் டிசொல்யூஷன் (மாத்திரை கரையும் சோதனை) பாஸ், இன்னொன்றில் ஃபெயில். மில் ஆபரேட்டரைக் குறை சொல்கிறார்கள். எங்கே பார்ப்பது?
(ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையிலிருந்து ஒருவர்)

ஆபரேட்டரை விட்டுவிடுங்கள், முதலில் அந்த ஒரு எண்ணைப் பாருங்கள். டி90 ஒன்பது என்றால் கொள்ளளவுக் கணக்கில் 90 சதவீதம் ஒன்பது மைக்ரானுக்குக் கீழே இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். கீழே என்றால் எவ்வளவு கீழே என்று அது சொல்லாது. அழுத்தத்தைக் கூட்டி, பொடி உள்ளே போகும் வேகமான ஃபீடு ரேட்டையும் கூட்டினால் ஒரு மாதிரிப் பரவல், இரண்டையும் குறைத்தால் வேறு மாதிரிப் பரவல், ஆனால் இரண்டுக்கும் டி90 ஒன்றாக வரலாம். டி10, டி50 இரண்டையும் எடுத்து வைத்து ஒப்பிடுங்கள், முடிந்தால் பெட் (BET) என்ற, பொடியின் மேல் ஒட்டும் வாயுவை அளக்கும் முறையில் மேற்பரப்பையும் அளந்து பாருங்கள்.

அடுத்தது, லேசர் கருவியில் எப்படி அளந்தார்கள்? சோனிகேஷன், அதாவது ஒலியலை அதிர்வு, கொடுத்து அளந்திருந்தால் ஒட்டிக்கிடந்த கட்டிகள் எல்லாம் பிரிந்துபோய்த் தனித்தனித் துகளின் அளவுதான் ரிப்போர்ட்டில் வரும். டிசொல்யூஷன் ஜாடியில் சோனிகேஷன் யார் கொடுக்கிறார்கள்? அங்கே அந்தப் பொடி கட்டியாகவே மிதக்கும். தண்ணீர் ஒட்டாத மருந்தை நைசாக்க நைசாக்க அது காற்றைப் பிடித்துக்கொண்டு தனக்குள்ளேயே திரளும். காகிதத்தில் மேற்பரப்பு கூடியிருக்கும், தண்ணீரைத் தொடுகிற மேற்பரப்பு குறைந்திருக்கும். பினாசிட்டின் நைசான பிறகு இன்னும் மெதுவாகக் கரைந்ததையும், நனைக்கும் பொருள் சேர்த்ததும் நிலைமை தலைகீழானதையும் பழைய பாடப்புத்தகங்கள் எல்லாம் சொல்லும். சோடியம் லாரில் சல்ஃபேட் கொஞ்சம் சேர்ப்பது, லாக்டோசோடு சேர்த்து அரைப்பது, இரண்டையும் முயற்சி செய்யலாம்.

மூன்றாவதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். மில் செய்து எத்தனை நாள் கழித்து மாத்திரை போட்டீர்கள்? ஜெட் மில்லின் மோதலில் துகள் உடைவது மட்டும் நடப்பதில்லை, மேல்தோலில் கிரிஸ்டலின் ஒழுங்கு குலைந்து அங்கங்கே அமார்ஃபஸ் திட்டுகள் உண்டாகும். மைக்ரனைஸ் செய்த சால்புட்டமால் சல்ஃபேட்டில் இது நன்றாகவே தெரிந்த விஷயம். இண்டோமெதசினைக் குளிர வைத்து நீண்ட நேரம் அரைத்தால் முழுக்கவே அமார்ஃபஸ் ஆகிவிடும். இந்தத் திட்டுகள் அறையின் ஈரப்பதத்தை இழுத்துக்கொண்டு சில நாளில் திரும்பக் கிரிஸ்டலாகும், ஆகும்போது பக்கத்துத் துகளோடு சேர்ந்து இறுகிவிடும். திங்கட்கிழமை பவுடராகப் பையில் போட்டதை இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் கட்டி, அதே பவுடர்தான், ஆனால் நடத்தை வேறு. உங்கள் இரண்டு பேட்ச்சின் மில் தேதியையும் கம்ப்ரஷன் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் அங்கே தெரிந்தால், மில் செய்த பொடியைக் குறிப்பிட்ட ஈரப்பதத்தில் குறிப்பிட்ட நேரம் வைத்துப் பக்குவப்படுத்திய பிறகே பையில் போடுவது என்று நடைமுறையை மாற்றுங்கள்.

மில்லுக்கு முன்பும் பின்பும், கிரிஸ்டலின் ஒழுங்கைக் காட்டும் எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் எடுப்பதும், சப்ளையரிடமிருந்து வந்த கிரிஸ்டலை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் சும்மா கிடைக்கிற துப்புகள். ஊசி வடிவம் ஒரு லாட், கட்டை வடிவம் இன்னொரு லாட் என்று வந்திருந்தால் அதே செட்டிங்கில் அதே பலன் வராது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், துகள் அளவு மாறுவது டோஸ் மாறுவதற்குச் சமம். இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சினில் 1970-களின் தொடக்கத்தில் இது உலகுக்கே தெரியவந்தது. லேபிளில் அதே மில்லிகிராம் போட்ட மாத்திரைகள் ரத்தத்தில் பல மடங்கு வித்தியாசமான அளவைக் காட்டின. பிரிட்டனில் 1972-இல் தயாரிப்பு முறையில் செய்த மாற்றத்தால் மாத்திரையின் உறிஞ்சுதல் ஏறத்தாழ இரட்டிப்பானது. டிகாக்சினில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. உங்கள் ஃபெயில் ரிப்போர்ட்டை ஒரு எண் தவறிப்போன விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: தைராய்டு மாத்திரையில் வெறும் 25 மைக்ரோகிராம்தான் மருந்து என்கிறார்கள். லட்சக்கணக்கான மாத்திரையில் ஒவ்வொன்றிலும் சரியாக அவ்வளவு இருப்பதை எப்படி உறுதி செய்கிறார்கள்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

நல்ல கேள்வி ஐயா, கணக்கு போட்டே பார்க்கலாம். 200 மைக்ரான் விட்டமுள்ள ஒரு உருண்டைத் துகளின் எடை, அடர்த்தி 1.3 என்று வைத்தால், 5.4 மைக்ரோகிராம். 25 மைக்ரோகிராம் மாத்திரைக்கு இப்படி ஐந்து துகள் கூடத் தேவைப்படாது. கலக்கும்போது ஒரு துகள் கூடினாலோ குறைந்தாலோ டோஸ் 20 சதவீதத்துக்கு மேல் தவறிவிடும், உலகின் மிகச் சிறந்த மிக்சராலும் இதைச் சரிசெய்ய முடியாது. 100 மைக்ரான் என்றால் ஒரு துகள் 0.7 மைக்ரோகிராம், அதுவும் போதாது. 10 மைக்ரானுக்குக் கொண்டுவந்தால் ஒரு மாத்திரைக்கு ஏறத்தாழ 36,000 துகள். அதில் நூறு இருநூறு முன்பின் ஆனாலும் டோஸில் தெரியவே தெரியாது. இப்படி நைசாக்கிய மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாவுப் பொருளோடு கலந்து பெருக்கிக்கொண்டே போவார்கள், பிறகு மாத்திரைகளைத் தனித்தனியாக எடுத்துச் சோதிப்பார்கள். கர்ப்பத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோனுக்கும் இதே கதைதான்.

கேள்வி: எம்.ஃபார்ம் புராஜெக்டுக்கு நானோ சஸ்பென்ஷன் (நானோ துகள்கள் தண்ணீரில் கலந்து நிற்கும் கலவை) செய்யலாம் என்று இருக்கிறேன். பீடு மில்லா, ஹை பிரஷர் ஹோமோஜினைசரா?
(மாணவர், கோயம்புத்தூர்)

கல்லூரியில் எது இருக்கிறதோ அது என்பதுதான் நடைமுறையான பதில், ஆனால் இரண்டின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். பீடு மில்லில் மருந்தைத் தண்ணீரில் கலக்கி, அரை மில்லிமீட்டரும் அதற்குக் கீழுமான சிர்கோனியா மணிகளோடு மணிக்கணக்கில் சுழற்றுவார்கள். 100 முதல் 400 நானோமீட்டர் வரை நிதானமாக வந்து சேரும். பெரிய அளவுக்குக் கொண்டுபோவது எளிது, சந்தைக்கு வந்த நானோ மருந்துகளில் அதிகமும் இந்த வழியில் வந்தவையே. மணி தேய்ந்து கலக்கும் சிர்கோனியாவை மட்டும் பிபிஎம் கணக்கில் அளந்து காட்ட வேண்டும். ஹோமோஜினைசர் 1,000 முதல் 2,000 பார் வரை அழுத்தத்தில் சஸ்பென்ஷனை மெல்லிய இடுக்கு வழியாகத் தள்ளும். வேகம் அதிகம், மணி கிடையாது, ஆனால் பெரிய துகள் இருந்தால் இடுக்கை அடைத்துவிடும் என்பதால் முதலில் வேறு மில்லில் அரைத்துக்கொண்டு வர வேண்டும், சுற்றும் நிறைய தேவைப்படும்.

புராஜெக்டில் நீங்கள் உண்மையில் நேரம் செலவிடப்போவது மெஷினில் அல்ல, ஸ்டெபிலைசரில். அரைத்து முடித்த நானோ துகள்கள் ஒன்றோடொன்று திரும்ப ஒட்டத் துடிக்கும். எச்பிஎம்சி, எச்பிசி, பிவிபி போன்ற ஒரு பாலிமரும், லாரில் சல்ஃபேட் போன்ற ஒன்றும் சேர்த்து எது பிடிக்கிறது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு மருந்துக்கும் இது வேறு. அப்புறம் உலர்த்திய பிறகு தண்ணீரில் போட்டால் பழைய அளவுக்குத் திரும்பப் பிரிகிறதா என்று பாருங்கள். நிறைய புராஜெக்டுகள் சஸ்பென்ஷனில் அருமையான எண்ணைக் காட்டிவிட்டு உலர்த்தும் இடத்தில் விழுந்துவிடுகின்றன. உறுப்பு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் சிரோலிமஸ் முதலில் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய திரவமாகத்தான் வந்தது, 2000-இல் நானோ கிரிஸ்டலாக மாத்திரை ஆனது. வாந்தியைத் தடுக்கும் அப்ரெபிடன்டில் நானோ சஸ்பென்ஷனைச் செல்லுலோஸ் மணிகள் மேல் பூசி உலர்த்திக் காப்ஸ்யூலில் அடைத்தார்கள். இரண்டையும் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: பெரிதாக இருந்தால் நல்லது என்று எந்த மருந்தாவது உண்டா?
(வாசகர், திருநெல்வேலி)

உண்டு. சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபுரான்டாயின் நைசாக இருந்தால் சட்டென்று உறிஞ்சப்பட்டுக் குமட்டும், பெரிய கிரிஸ்டலாகக் கொடுத்தால் நிதானமாகக் கரைந்து வயிற்றுக்கு இதமாக இருக்கும். மனச்சிதைவு நோய்க்கான பாலிபெரிடோன் பால்மிடேட் ஊசியிலும் அப்படியே: மாதம் ஒருமுறை போடுவதை விட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியில் துகள் பெரிது. தசையில் கிடந்து மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: மாமனாருக்குப் பக்கவாதம், விழுங்க முடிவதில்லை. எல்லா மாத்திரையையும் சின்ன உரலில் இடித்துத் தண்ணீரில் கலந்து குழாய் வழியாகக் கொடுக்கிறோம். நைசாக இடித்தால் சீக்கிரம் வேலை செய்யும் அல்லவா?
(வாசகி, ஈரோடு)

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் அச்சுக்குக் கொடுக்கச் சொன்னேன், இடத்துக்காகக் கீழே வந்திருக்கிறது. சில மாத்திரைகளில் சீக்கிரம் வேலை செய்வதே ஆபத்து. பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், இஆர், சிஆர், ரிட்டார்டு என்று போட்டிருந்தால், அது பல மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும்படி கட்டப்பட்ட மாத்திரை. இடித்தால் முழு நாளின் மருந்தும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். நிஃபெடிபின் ரிட்டார்டை இடித்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழும், மார்ஃபின் எஸ்ஆரை இடித்தால் உயிருக்கே ஆபத்து. மெட்ஃபார்மின் எஸ்ஆரும் இடிக்கக் கூடாதது. பான்டோபிரசோல் மாத்திரைக்கு மேலே உள்ள பூச்சு அதை வயிற்று அமிலத்திலிருந்து காப்பாற்ற, இடித்தால் மருந்து குடலுக்குப் போகும் முன்பே கெட்டுவிடும். புற்றுநோய் மருந்தையும் ஹார்மோன் மருந்தையும் இடிக்கும்போது பறக்கும் தூள் இடிக்கிறவர் மூச்சில் போகும், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பக்கத்திலேயே வரக் கூடாது.

எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கொண்டுபோய், "குழாயில் கொடுக்கிறோம், எதை இடிக்கலாம்?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பலவற்றுக்குச் சிரப்போ தண்ணீரில் கரையும் மாத்திரையோ கிடைக்கும், சாதாரண மாத்திரையாக மாற்றி நாளுக்கு இரண்டு வேளையாகப் பிரித்தும் எழுதித் தருவார்கள். இடிக்கக்கூடியதை ஒவ்வொன்றாக இடித்து, தனித்தனியாகக் கொடுத்து, நடுவில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்தால் குழாய் அடைக்கும்.

கேள்வி: சித்த மருத்துவத்தின் பற்பமும் செந்தூரமும் அந்தக் காலத்து நானோ மருந்து என்று படித்தேன். உண்மையா?
(வாசகர், நாகர்கோவில்)

அரைப்பதன் அருமையைச் சித்தர் மரபு அறிந்திருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கல்வத்தில் மூலிகைச் சாறு விட்டுச் சாமக்கணக்கில் அரைத்து, வில்லை தட்டிக் காயவைத்து, அகலில் மூடிச் சீலைமண் செய்து புடமிட்டு, திரும்ப அரைத்து, திரும்பப் புடமிட்டு என்று போகும் முறையில் ஈர அரைப்பும் வெப்பமும் மாறி மாறி வருகின்றன. சூரணத்துக்குத் துணியில் சலிக்கும் வஸ்திரகாயம் என்பது தெளிவான துகள் அளவுக் கட்டுப்பாடு. முடிந்த பற்பத்தை விரலில் தேய்த்தால் ரேகைக்குள் படிய வேண்டும், தண்ணீரில் தூவினால் மிதக்க வேண்டும் என்ற சோதனைகளும் உண்டு.

ஆனால் அந்தச் சோதனைகள் நானோவைக் காட்டாது. விரல் ரேகைகளுக்கு நடுவே இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும், சில பத்து மைக்ரான் பொடியே அதில் நன்றாகப் படியும். மிதப்பது நைசைக் காட்டும், கூடவே தண்ணீர் ஒட்டாத தன்மையையும் காட்டும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் சில பற்பங்களில் நானோ துகள்கள் திரண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள், பேட்ச்சுக்குப் பேட்ச் அது ஒன்றுபோல இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நைசு என்றாலே பாதுகாப்பு என்றும் ஆகாது. உலோகம் சேர்ந்த மருந்து நைசாக நைசாக உடம்பில் சேர்வதும் கூடலாம். ஈயமும் பாதரசமும் எவ்வளவு என்று சோதனை செய்த, லைசென்ஸ் உள்ள தயாரிப்பை, பட்டம் பெற்ற சித்த மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் எடுங்கள். பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பதை வாங்க வேண்டாம்.

கேள்வி: மருந்துக் கம்பெனியில் மில் ரூமில் வேலை. ஒரு சாதாரண மாஸ்க் கொடுக்கிறார்கள். தூசியால் ஆபத்து உண்டா, என்ன கேட்க வேண்டும்?
(தொழிலாளி, ஓசூர்)

உண்டு, இரண்டு விதத்தில். முதலாவது மூச்சு. இன்ஹேலருக்கு வேண்டும் என்று மேலே சொன்ன அந்த 1 முதல் 5 மைக்ரான்தான் உங்கள் ஜெட் மில்லின் சைக்ளோன் (காற்றிலிருந்து பொடியைப் பிரிக்கும் பாகம்) இணைப்பில் கசிவதும். நுரையீரலின் ஆழம் வரை போவதற்குச் சரியான அளவு. ஈஸ்ட்ரோஜன் தயாரிப்பில் வேலை செய்த ஆண்களுக்கு மார்பு வளர்ந்ததும், பென்சிலின் தூசியில் நின்றவர்களுக்கு அலர்ஜி வந்ததும் பதிவாகியிருக்கின்றன. சாதாரண துணி மாஸ்க்கோ சர்ஜிகல் மாஸ்க்கோ இதற்குப் போதாது, முகத்தில் பொருந்துகிறதா என்று சோதித்துக் கொடுக்கும் ரெஸ்பிரேட்டர் வேண்டும். வீரியமான மருந்து என்றால் காற்றை வடிகட்டித் தலைக்கவசத்துக்குள் தரும் வகையோ, கை விட்டு வேலை செய்யும் மூடிய ஐசலேட்டரோ வேண்டும்.

இரண்டாவது தீ. எரியக்கூடிய எந்தப் பொடியும் காற்றில் மேகமாகப் பரவி ஒரு பொறி பட்டால் வெடிக்கும், நைசாக நைசாகச் சின்னப் பொறியே போதும். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 2008 பிப்ரவரியில் ஒரு சர்க்கரை ஆலையில் வெறும் சர்க்கரைத் தூசி வெடித்து 14 பேர் இறந்தார்கள். வட கரோலினாவின் கின்ஸ்டனில் 2003 ஜனவரியில் ஊசிமருந்துக் குப்பிகளுக்கு ரப்பர் மூடி போன்றவை செய்யும் ஆலையில் 6 பேர் இறந்தார்கள். அங்கே தரையெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, யார் கண்ணிலும் படாமல் பாலிஎதிலீன் தூள் படிந்து கிடந்தது.

ஆகவே இவற்றைக் கேளுங்கள், கூச்சப்படாமல் எழுத்தில் கேளுங்கள். ஓட்டுகிற பொடியின் தூசி வெடிப்புச் சோதனை ரிப்போர்ட் இருக்கிறதா? டிரம், மில், பை, ஸ்கூப் எல்லாம் எர்த் செய்யப்பட்டிருக்கின்றனவா, கிளிப் துருப்பிடித்துத் தொங்குகிறதா? பொடி மில்லுக்குள் போகும் முன் நட்டு, போல்ட்டைப் பிடிக்கக் காந்தம் உண்டா? சீலிங்குக்கு மேலேயும் டக்டுக்கு மேலேயும் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள்? படிந்த தூசியைக் கம்ப்ரஸ்டு ஏர் அடித்து ஊதச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அதற்கென்று உள்ள வேக்குவம் கிளீனரைக் கேளுங்கள். நைட்ரஜனில் ஓடும் மில் என்றால் தீப்பிடிக்கும் ஆபத்து குறையும், ஆனால் அறைக்குள் கசிந்தால் வாசனையே தெரியாமல் மயக்கம் வரும். ஆக்சிஜன் மீட்டர் சுவரில் இருந்தால் மட்டும் போதாது, எந்தத் தேதியில் கேலிபரேட் செய்தார்கள் என்ற ஸ்டிக்கரைப் பாருங்கள். அலாரம் அடித்தால் மில்லை நிறுத்தப் போக வேண்டாம், முதலில் வெளியே வந்துவிடுங்கள், உள்ளே யாராவது விழுந்து கிடந்தாலும் மூச்சுக்கருவி இல்லாமல் தூக்கப் போகாதீர்கள்.